சமையலறையை நீட்ட நடுச்சுவரை எடுக்கலாமா?

கேள்வி: பழைய வீடு. சமையலறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் 9 அங்குலச் செங்கல் சுவர். அதை எடுத்துவிட்டு, குளியலறைக் கழிப்பறைக் கோப்பையையும் 2 மீட்டர் தள்ளி வைக்க முடியுமா?

பதில் 1: 9 அங்குலம் என்றால் மேல்தளத்தின் பாரம் அதில்தான் இறங்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் பார்க்காமல் சுத்தியல் படக்கூடாது. இருபுறமும் முட்டுக் கொடுத்த பிறகே இடிக்கணும். சுவருக்குப் பதிலாக வைக்கும் இரும்பு பீமின் இரு முனைகளும் கான்கிரீட் படுகைமேல் 6 அங்குலமாவது உட்காரணும். பீமுக்கும் மேல்தளத்துக்கும் இடையே உலர்கலவையை (குறைந்த நீரில் பிசைந்த சிமெண்ட்-மணல்) இறுக்கித் திணியுங்கள். இடைவெளி விட்டால் முட்டுகளை எடுத்ததும் தளம் இறங்கி விரிசல் விடும்.

பதில் 2: கோப்பையை நகர்த்தாதீங்க! 110 மி.மீ. குழாய், 40-க்கு 1 வாட்டம்: 2 மீட்டருக்கு 50 மி.மீ. சரிவு. குழாய்க்கும் வாட்டத்துக்குமே 160 மி.மீ. ஆச்சு. தளம் தாழ்த்திக் கட்டப்படாத வீட்டில் தரையை அவ்வளவுக்கு மேல் உயர்த்தணும். வாசலில் படி வந்துவிடும். வாஷ்பேசினை நகர்த்துங்கள், அதற்கு மெல்லிய குழாய் போதும். கதவை ஸ்லைடிங்காக மாற்றினாலே நல்ல இடம் கிடைக்கும்.

பதில் 3: குளியலறையில் டைல்ஸுக்கு முன் வாட்டர்புரூஃபிங் செய்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். ஒழுகுவது பெரும்பாலும் மூலையிலும் குழாய் நுழையும் இடத்திலும்தான்.