சொந்த கர்னலுக்கு பிரிண்ட்எஃப் தேவையா?

புதுக்கர்னல்:
எக்ஸ்86-64 ப்ராசஸருக்குப் பொழுதுபோக்காக ஒரு சின்ன கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதுகிறேன். பூட் ஆகிறது, விஜிஏ திரையிலும் சீரியல் போர்ட்டிலும் எழுத்து வருகிறது. அடுத்து எண்களையும் முகவரிகளையும் காட்ட வேண்டும். சி லைப்ரரி எதுவும் கிடையாது. ஃபார்மட் ஸ்ட்ரிங்கில் உள்ள %-குறிகளின் இடத்தில் மதிப்புகளை வைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப் போல ஒன்றை நானே எழுதுவதா, இல்லை ஸ்ட்ரிங்குக்கு ஒன்று, ஹெக்ஸுக்கு (16 அடிமான எண்) ஒன்று என்று தனித்தனி ஃபங்ஷன் வைத்துக்கொள்வதா?

ஸ்டாக்ராஜா:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிரிண்ட்எஃப் எழுதுங்கள் தம்பி. பிரிண்ட்எஃப் இருக்கும் எஸ்டிடிஐஓ ஹெடர் இல்லாவிட்டாலும், எண்ணிக்கை மாறும் ஆர்குமென்ட்களை எடுக்க உதவும் எஸ்டிடிஆர்க் ஹெடர் ஃப்ரீஸ்டாண்டிங் (இயங்குதளத்தை நம்பாத) கம்பைலரில் கட்டாயம் உண்டு; சி தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. %டி (குறியுள்ள எண்), %யூ (குறியில்லா எண்), %எக்ஸ் (ஹெக்ஸ்), %எஸ் (ஸ்ட்ரிங்), %சி (எழுத்து), %பி (பாயின்டர்), 64 பிட்டுக்கு ஓர் எல், அகலத்துக்கு ஓர் எண், பூஜ்யம் நிரப்புதல். இவ்வளவு போதும். மிதவைப் புள்ளி (பின்ன எண்கள்) பக்கமே போக வேண்டாம். லினக்ஸ் கர்னலின் அச்சு ஃபங்ஷனான பிரிண்ட்கே-யிலும் அது கிடையாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்துவிடுங்கள். ஃபார்மட் செய்யும் பகுதிக்குத் திரை எது, சீரியல் எது என்றே தெரியக் கூடாது. ஓர் எழுத்தை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷனின் பாயின்டரை அதனிடம் கொடுங்கள். பிறகு அதே கோடு திரைக்கும் போகும், போர்ட்டுக்கும் போகும், பஃபரிலும் எழுதும்.

டைப்_கணக்கன்:
ராஜா சொல்வதில் கடைசிப் பத்தி மட்டும் உருப்படி. மற்றபடி, பிரிண்ட்எஃப் போல ஆர்குமென்ட் எண்ணிக்கை மாறும் வேரியாடிக் ஃபங்ஷன் என்பது ஸ்ட்ரிங்கில் எழுதியிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. உங்கள் கர்னல் மேல்பாதி முகவரியில், FFFFFFFF80100000-ல், இருக்கிறது என்று வையுங்கள். ஒரு 64 பிட் பாயின்டரை அவசரத்தில் 32 பிட் மட்டும் காட்டும் %எக்ஸ் போட்டுக் காட்டினால், முன்னால் இருக்கும் எட்டு எஃப்களும் காணாமல் போய் 80100000 மட்டும் வரும். முகவரிகளை மெமரியோடு இணைக்கும் பேஜ் டேபிள்தான் தப்பு என்று நினைத்து அங்கே தேட ஆரம்பிப்பீர்கள். %எஸ்-க்கு எண்ணைக் கொடுத்தாலோ, பிழைச் செய்தி அச்சாகும்போதே பேஜ் ஃபால்ட் (இல்லாத முகவரியைத் தொட்ட பிழை).

பாதுகாப்புக் கதை தனி. 2000-ல் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற சர்வரை உடைத்தது இந்த வழியில்தான். வெளியிலிருந்து வந்த ஸ்ட்ரிங்கையே ஃபார்மட்டாகக் கொடுத்திருந்தார்கள். அதுவரை அச்சான எழுத்துகளின் எண்ணிக்கையைச் சேமிக்கும் %என் மூலம் மெமரியில் எழுத முடிந்தது. ஹெக்ஸுக்கு ஒரு ஃபங்ஷன், டெசிமலுக்கு ஒன்று என்று வைத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

ஸ்டாக்ராஜா:
இருபது வருஷத்துக்கு மேல் பழைய கதையை வைத்துப் பயமுறுத்த வேண்டாம். %என் எழுதாமல் விட்டால் போயிற்று. லினக்ஸ் கர்னலிலும் அதை எடுத்துவிட்டார்கள். ஜிசிசி கம்பைலரில், ஃபார்மட்டும் மதிப்புகளும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் ஃபார்மட் அட்ரிபியூட் இருக்கிறது. அதை ஃபங்ஷன் அறிவிப்பில் சேர்த்து, எச்சரிக்கையைப் பிழையாக மாற்றிவிடுங்கள். நீங்கள் சொன்ன %எக்ஸ் தவறு கம்பைல் ஆகவே ஆகாது.

உங்கள் வழியில் ஒரு வரி காட்ட ஏழு ஃபங்ஷன் அழைப்பு வேண்டும். ப்ராசஸரின் இரண்டாவது கோர் எழுந்ததும் அந்த ஏழுக்கும் இடையில் அதன் எழுத்துகள் புகுந்துவிடும். முழு வரியையும் பஃபரில் கட்டி, மற்ற கோர்களைக் காத்திருக்க வைக்கும் லாக் பிடித்து, ஒரே தடவையில் தள்ளுவதுதான் ஒழுங்கு.

டைப்_கணக்கன்:
பஃபரில் கட்டுவதற்கு ஃபார்மட் ஸ்ட்ரிங் எதற்கு? என் ஃபங்ஷன்களும் பஃபரில் எழுதும். அதோடு நீங்கள் பஃபரில் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் எழுதச் சொல்லப்போகிறீர்கள். அது திருப்பித் தருவது எழுதிய நீளத்தை அல்ல, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கும் நீளத்தை. அதைக் கூட்டிக்கொண்டே போனால் மிச்ச அளவு பூஜ்யத்துக்குக் கீழே போய், அன்சைண்டு (குறியில்லா எண்) என்பதால் பிரம்மாண்ட எண்ணாகி, பஃபரைத் தாண்டி எழுதும். லினக்ஸில் உண்மையில் எழுதிய நீளத்தைத் தரும் எஸ்சிஎன்பிரிண்ட்எஃப் என்று தனியாக ஒன்று இருப்பது இதனால்தான்.

சாலிடர்_அக்கா:
இருவரும் நேரக் கணக்கை விட்டுவிட்டீர்கள். சீரியல் போர்ட் 115200 பாட் (நொடிக்கு 115200 பிட்) என்றால், ஒரு பைட்டுக்குத் தொடக்க, நிறுத்த பிட்டோடு 10 பிட். நொடிக்கு 11,520 பைட். ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய 87 மைக்ரோ நொடி. 80 எழுத்து வரி ஒன்றை வரிசையில் நின்று அனுப்பினால் 7 மில்லி நொடி போய்விடும். வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் இதைச் செய்துவிட்டு டைமர் ஏன் நழுவுகிறது என்று கேட்காதீர்கள்.

எங்கள் மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் கார்டெக்ஸ்-எம்0 போன்ற சின்ன சிப்பில் வகுத்தல் கட்டளையே கிடையாது. டெசிமலில் காட்ட ஒவ்வொரு இலக்கத்துக்கும் மென்பொருள் வகுத்தல். இது போன்ற சிப்புகளுக்கு ரஸ்ட் மொழிக்காரர்கள் டிஃபெம்ட் என்ற லாகிங் லைப்ரரியின் வழிக்குப் போனார்கள். ஃபார்மட் ஸ்ட்ரிங் சிப்புக்குப் போவதே இல்லை. அதன் எண்ணும் மூல மதிப்புகளும் மட்டும் வெளியே வரும். வாக்கியமாக்குவது கம்ப்யூட்டரின் வேலை.

டைப்_கணக்கன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்: ஃபார்மட் செய்வதை ஓடும் நேரத்தில் வைக்காதீர்கள்.

சாலிடர்_அக்கா:
இல்லை, நீங்கள் சொன்னது அது இல்லை. டிஃபெம்டிலும் ஃபார்மட் ஸ்ட்ரிங் உண்டு. அது இருக்கும் இடம்தான் வேறு.

புதுக்கர்னல்:
நன்றி அக்கா. நேற்று ராஜா அண்ணன் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். %டி-க்கு −2147483648 கொடுத்தால் மைனஸ் குறிக்குப் பிறகு புள்ளி, சாய்கோடு, அடைப்புக்குறி என்று குப்பை வருகிறது. மற்ற எண்கள் சரி.

ஸ்டாக்ராஜா:
எண் எதிர்மறை என்றால் அதன் குறியை மாற்றிவிட்டு 10-ஆல் வகுக்கிறீர்கள், அப்படித்தானே? 32 பிட் இன்ட்டில் அதிகபட்சம் 2147483647. இந்த ஓர் எண்ணின் நேர்மறை வடிவம் உள்ளே அடங்காது, அதனால் எதிர்மறையாகவே நிற்கிறது. 10-ஆல் வகுத்த மீதி −8. பூஜ்யத்தின் ஆஸ்கி 48. அதில் 8 போனால் 40, அதாவது திறக்கும் அடைப்புக்குறி. சி-யில் இது வரையறுக்கப்படாத நடத்தை என்பதால் இந்தக் குப்பைக்குக்கூட உத்தரவாதம் இல்லை. முதலில் அன்சைண்டாக மாற்றி, பூஜ்யத்திலிருந்து கழியுங்கள். இலக்கங்கள் பின்னாலிருந்து வருவதால் தற்காலிக பஃபரைக் கடைசியிலிருந்து நிரப்புங்கள். 64 பிட் டெசிமலுக்கு 20 இடம், குறிக்கு ஒன்று.

டைப்_கணக்கன்:
இந்தக் கோடு என் டெசிமல் ஃபங்ஷனிலும் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிரிண்ட்எஃப் லாக் பிடித்திருக்கும்போதே அந்த கோர் ஃபால்ட் ஆனால் என்ன செய்வீர்கள்? கர்னல் மேற்கொண்டு ஓட முடியாதபோது வரும் பேனிக் ஹேண்ட்லர் மறுபடி பிரிண்ட்எஃப்பைக் கூப்பிடும், அதே லாக்குக்காகக் காத்துக் கிடக்கும். திரையில் ஒன்றும் வராது.

ஸ்டாக்ராஜா:
பேனிக் என்று ஒரு கொடி வைத்து லாக்கைத் தாண்டிவிடலாம். எழுத்துகள் கலந்தாலும் பரவாயில்லை.

டைப்_கணக்கன்:
ஸ்டாக் தீர்ந்து போய் வந்த பேனிக் என்றால்? தம்பி, மற்ற இடத்தில் ராஜா சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டை போடவில்லை. பேனிக் பாதையில் மட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷன் ஒன்று, சீரியல் போர்ட் ஒன்று, வேறெதுவும் வேண்டாம். ஒரு ஃபால்ட்டைக் கையாளப் போகும்போதே வரும் டபுள் ஃபால்ட்டுக்கு ஐஎஸ்டி (இன்டரப்ட் ஸ்டாக் டேபிள்) மூலம் தனி ஸ்டாக் கொடுத்துவிட்டீர்களா?

புதுக்கர்னல்:
இன்னும் இல்லை. இன்று இரவு அதுதான் வேலை.