எஞ்சின் குடித்த புழுதி: செட்டிநாட்டுப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் அனுபவம் எழுதுங்கள்

புழுதி உழவு, கல்லல் பக்கம்

போன ஆவணியில் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மானாவாரி நிலம், மழைக்கு முன்னால் புழுதி உழவு ஓட்டியாக வேண்டும், 35 எச்பி டிராக்டரில் மண்ணைப் பொடியாக்குகிற ரொட்டவேட்டர் மாட்டி நாலு நாள் தொடர்ந்து ஓட்டினேன். நம் செம்மண் எப்படிக் கிளம்பும் என்று உங்களுக்குத் தெரியும், காற்று பின்னாலிருந்து அடித்தால் போனட்டே கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் வேலை பார்த்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஏர் ஃபில்டரும் புதுசு, ஆடியில் போட்டது. நாலாம் நாள் சாயங்காலம் நீலப் புகை. ஆயில் குச்சியை எடுத்தால் அடிக்கோட்டுக்குக் கீழே கிடக்கிறது, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறது.

காரைக்குடியிலிருந்து மேஸ்திரி வந்தார். எஞ்சினைத் தொடவே இல்லை. ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஒரு விரலை விட்டுச் சுற்றி எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். கோலத்துக்குக் காவி தொட்ட மாதிரி நுனி சிவந்திருந்தது. “ஃபில்டர் புதுசுதான் தம்பி. காத்து அது வழியாப் போகலையே” என்றார்.

ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் உட்கார்கிற இடத்தில், நகம் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. மேலே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. எஞ்சின் வேலை பார்த்த இடத்தில் பழைய ஹோஸையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள், நானும் கேட்கவில்லை. அந்த விரல் நுனிதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

போர்வெல் வண்டியில் ஆறு வருஷம்

அண்ணே, உங்களுக்காவது ஹோஸ் வெடித்தது. நான் என் கையாலேயே கெடுத்தேன்.

சிங்கம்புணரிப் பக்கம் பாறையில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர் வருகிறவரைக்கும் வெளியே வருவதெல்லாம் வெள்ளை மாவுதான், ஆள் முகம், சோற்றுச் சட்டி எல்லாம் வெள்ளை. கம்ப்ரசர் எஞ்சின் ஃபில்டரை ஊதுவது என் வேலை. நான் புது ஆள், நல்ல பேர் வாங்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை கழற்றி, டயருக்குக் காற்றடிக்கிற ஹோஸை அப்படியே பேப்பர்மேல் ஒட்டி வைத்து ஊதுவேன். தூசி பறக்கிறதைப் பார்க்க அவ்வளவு திருப்தியாக இருக்கும். உள்ளே இருக்கிற சின்ன ஃபில்டரையும் விடவில்லை, அதையும் ஊதினேன்.

ஒரு ராத்திரி பெரிய ஆபரேட்டர் அதை வாங்கி உள்ளே ஒரு பல்பை விட்டுப் பிடித்தார். ஓட்டை விழுந்த கூரைக்குள் வெயில் இறங்குமே, அதேபோல ஏழெட்டு இடத்தில் வெளிச்சம் வெளியே வந்தது. ஒவ்வொன்றும் ஊசி முனை அளவு. “நீ சுத்தம் பண்ணலடா, சல்லடை பண்ணி வச்சிருக்கே” என்றார். திட்டவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது.

தேவகோட்டை ரஸ்தா

பேப்பர் ஃபில்டர் வந்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை எல்லாம். எங்கள் கிணற்றில் கிடந்த டீசல் எஞ்சினுக்கு ஆயில் பாத், அதாவது பேப்பருக்குப் பதில் கிண்ணத்து எண்ணெயில் புழுதியைப் பிடிக்கிற ஏர் கிளீனர், 20 வருஷத்துக்கு மேல் ஓடியது, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதன் கிண்ணத்தைக் கழுவியிருக்கிறேன். காற்று நடுக்குழாய் வழியாகக் கீழே வந்து எண்ணெயில் மோதித் திரும்பி மேலே போகும், புழுதி கனமானது, அதனால் திரும்ப முடியாமல் எண்ணெயிலேயே விழுந்துவிடும், தப்பித்தது மேலே இருக்கிற கம்பி வலையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியில் அரை அங்குலத்துக்குச் செம்மண் களி மாதிரி உட்கார்ந்திருந்தது, மாமா அதை ஒரு குச்சியால் வழித்துக் காட்டி, “இது எஞ்சினுக்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும், நினைச்சுப் பாரு” என்றார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, எஞ்சின் ஆயிலைக் கோடு வரைக்கும் விட்டு மாட்டினால் முடிந்தது. கிழியாது, ஓட்டை விழாது, காசும் இல்லை. போர்வெல் தம்பி சொல்வதே என் கட்சிக்குச் சாட்சி.

கண்மாய்க்கரை

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல பேப்பர் ஃபில்டர் வருகிற தூசியில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஆயில் பாத் அந்த அளவுக்குப் பிடிக்காது, எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு வேகம் இல்லாததால் இன்னும் குறையும். அப்புறம் அந்தக் ‘கோடு வரைக்கும்’ என்று சொன்னீர்களே, அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான்.

எங்கள் பழைய டிராக்டரும் ஆயில் பாத்தான். தம்பி கிண்ணத்தைக் கழுவி, எண்ணெய் நிறைய இருந்தால் நிறையப் புழுதி பிடிக்கும் என்று விளிம்பு வரைக்கும் ஊற்றிவிட்டான். வண்டல் ஏற்றிக்கொண்டு கரைமேல் ஏறுகிறேன், வண்டி சாய்ந்தது, எஞ்சின் திடீரென்று அலறுகிறது. ஆக்சிலேட்டரில் கை இல்லை. பயந்து கிளட்சை மிதித்தால் இன்னும் ஏறுகிறது. ஸ்டாப் நாபை இழுக்கிறேன், நிற்கவில்லை. டீசலை நிறுத்தி என்ன பிரயோசனம், அது கிண்ணத்து எண்ணெயை உறிஞ்சி அதையே எரித்து ஓடுகிறது. பின்னால் கரைமுழுக்கப் புகை, டிரெய்லரே தெரியவில்லை. கீழே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்தார், ஒரு சாக்கைக் கண்மாய்த் தண்ணீரில் முக்கி எடுத்து, ஏர் கிளீனர் தலை மூடியைத் தட்டிவிட்டு, அந்த வாயில் அமுக்கிப் பிடித்தார். சாக்கை உள்ளே இழுத்தது பாருங்கள், அந்தச் சத்தம்! ரெண்டு குலுக்கு குலுக்கி நின்றது. அவர் பேர்கூட அன்றைக்கு நான் கேட்கவில்லை. காற்றை அடைத்தால்தான் நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நெல் மிஷின் ஓட்டுநர்

தை அறுப்பில் எனக்கும் ஒரு தடவை ஃபில்டர் அடைத்துக் கரும்புகை தள்ளியது, வைக்கோல் தூசி, பாதி வயலில் நின்றுவிட்டேன். அதை விடுங்கள். மேலே படித்ததில் எல்லோரும் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று தோன்றியது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் போடுங்கள். 2,500 சிசி டீசல் எஞ்சின், நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்றால் அதில் பாதிச் சுற்றில்தான் காற்று இழுக்கும், அப்படியே நிமிஷத்துக்கு 2,500 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். எட்டு மணி நேரம் உழுதால் 12 லட்சம் லிட்டர் காற்று அந்த ஒரு ஃபில்டர் வழியாகப் போகிறது. நம் மண்ணில் இருக்கிற மணல் துகள் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் 7, பிஸ்டன் உரசி ஓடுகிற லைனர் இரும்பைவிடக் கடினம். அது ஆயிலோடு சேர்ந்தால் வால்வு உரசுகிற பசை மாதிரிதான். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்குகளில் மேல் ரிங்கைத்தான் முதலில் தின்னும், ரிங் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறும், அதுதான் நீலப் புகை. கரும்புகை வேறு, அது காற்று போதாமல் டீசல் சரியாக எரியாதது. கரும்புகை வந்தால் ஃபில்டரைப் பார்க்கலாம், நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வேலை முடிந்துபோயிருக்கும்.

போர்வெல் தம்பி, நீங்கள் கெடுத்தது காற்றின் வேகத்தால் மட்டும் இல்லை. பேப்பர்மேல் தூசி லேசாகப் படிந்த பிறகுதான் அது இன்னும் நன்றாக வடிகட்டும், கொஞ்சம் அழுக்கான ஃபில்டர் புதுசைவிட நல்ல ஃபில்டர். அதனால் சும்மாச் சும்மாக் கழற்றக் கூடாது. கழற்றும்போதெல்லாம் விளிம்பில் இருக்கிற புழுதி சுத்தமான பக்கம் விழும், ரப்பர் விளிம்பும் தேயும். வண்டியில் அடைப்பு காட்டுகிற இண்டிகேட்டர் இருந்தால் அது சிவப்பு காட்டுகிறவரைக்கும் விட்டுவிடுங்கள். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளேயிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம், நாசிலைத் தள்ளிப் பிடியுங்கள். டயரில் தட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், தகரம் நெளிந்தால் விளிம்பு சரியாக உட்காராது. உள் ஃபில்டரை ஊதவே கூடாது, வெளி ஃபில்டர் கிழிந்தால் காப்பாற்றத்தான் அது இருக்கிறது, அழுக்கானால் புதுசுதான். ஃபில்டர் உட்கார்கிற கூட்டை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள். அடியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு தொங்குமே, தினம் காலையில் அதை ரெண்டு தடவை அமுக்கிவிட்டால் தூசி தானாகக் கொட்டும், அது கிழிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பைக்கில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் பெட்ரோலில் கழுவாதீர்கள், ஸ்பாஞ்ச் கெட்டுப்போகும், சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு ஆயில் தடவிப் பிழிந்துவிட்டு மாட்ட வேண்டும். கல்லல் அண்ணன் கேட்டது ஹோஸைப் பற்றி, அதற்கு ஒரே வழிதான், ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் அந்த மேஸ்திரி மாதிரி விரலை விட்டுப் பாருங்கள்.

ஆக்டிங் டிரைவர், கானாடுகாத்தான்

இது உழவு வண்டி இல்லை, கார். இங்கே பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் ஒன்றில், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் ஆச்சி குடும்பத்தோடு வருவார்கள். முகப்பில் கார் பத்து மாசமாக நிற்கிறது. முந்தின நாள் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தேன், எடுத்தது. மறுநாள் பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்தோம், பிக்கப்பே இல்லை, ஏதோ பிய்த்துக்கொண்டு ஓடுகிற மாதிரி சத்தம். திரும்பி வந்து ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். புளியங்கொட்டை, தேங்காய் நார், கல்யாணப் பத்திரிகைத் துண்டு, எல்லாவற்றையும் எலி மெத்தை மாதிரி அடுக்கி வைத்திருந்தது. ஃபில்டரின் ஒரு மூலை முழுக்கத் தின்றிருந்தது. அந்த மூலை வழியாக எஞ்சின் பக்கம் ஒரு புளியங்கொட்டை போய் உட்கார்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஆச்சியிடம் காட்டினேன். “நீ திறந்து பார்த்துட்டு எடுத்திருக்கலாமேப்பா” என்றார்கள், அவ்வளவுதான். இப்போது எந்த வீட்டு வண்டியானாலும் சாவியைத் திருகுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத்தான் திறக்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா

கண்மாய்க்கரை தம்பி, கோட்டைத் தாண்டி ஊற்றியது ஆள் செய்த தப்பு, ஆயில் பாத்தின் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பெரியவரைத் தேடிப் பார்த்து ஒரு வேட்டியாவது எடுத்துக் கொடுங்கள்.

புழுதி உழவு, கல்லல் பக்கம்

எல்லோருக்கும் நன்றி. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றி 38,000 ரூபாய் ஆனது, அந்த ஹோஸ் 400 ரூபாய்கூட இல்லை. நெல் மிஷின் அண்ணன் ஆயில் மாற்றும்போது பார்க்கச் சொல்கிறார், எனக்கு அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை. இந்த வருஷப் புழுதி உழவு நேற்றுத்தான் முடிந்தது, மூன்று நாளும் சாயங்காலம் வண்டியை நிறுத்தி ஆறவிட்டு, கிளாம்பைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று நாளும் விரல் சுத்தமாக வந்தது. பக்கத்தில் நின்ற என் மகன் தானும் பார்க்க வேண்டும் என்று விரலை விட்டான், அவனுக்கும் ஒன்றும் ஒட்டவில்லை.