தனுஷ்கோடிக் கடற்கரையைக் கணினி விளையாட்டுக் களமாக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை ஒரு கணினி விளையாட்டின் களமாக, யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். இடிந்த தேவாலயச் சுவர்களும் மணல்மேடுகளில் படர்ந்த அடும்புக் கொடியும் ஓரளவு சரியாக வந்துவிட்டன (இராவணன் மீசைப் புல்தான் இன்னும் துடைப்பத்தை நட்டுவைத்தாற்போல நிற்கிறது). ஆனால், அலை பின்வாங்கியதும் கருத்துப் பளபளக்கும் ஈர மணல், மெல்ல வெளிறி உலர்வதற்குப் பதிலாக, கோடு போட்டாற்போல ஒரே இடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த ஈரப்பட்டையை அலையின் ஏற்ற இறக்கத்தோடு இணைத்து ஷேடரிலேயே (பரப்பின் நிறத்தையும் பளபளப்பையும் கணக்கிடும் நிரல்) மங்கச் செய்வது நல்லதா, ஈரமான இடங்களைக் குறிக்கும் தனி மாஸ்க் படமாக வரைந்து வைப்பது நல்லதா? மேலும், தெற்கே மன்னார் வளைகுடாவின் கொந்தளிப்பையும் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தின் அமைதியையும் போல, ஒரே நீர்ப்பரப்பில் இருவகை அலைகளைக் காட்டிய அனுபவமுள்ளவர்கள், தாங்கள் பயன்படுத்திய அலை அளவுகளைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.