1.25 கிலோ தட்டு: பயிற்சிக்கூடத்தில் கண்டதும் மறக்க முடியாததும்

பதிவு 1

தோளில் எடைக்கம்பியைச் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 100 கிலோவைத் தாண்ட முடியாமல் எட்டு மாதங்களாக நான் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. கம்பியைத் தாங்கும் பக்கத்து ரேக்கில் அறுபது வயதைக் கடந்த ஒருவர் 20 கிலோ வெற்றுக் கம்பியுடன் உட்கார்ந்து எழுவதைப் பார்த்து, இவர் எதற்கு இடத்தை அடைக்கிறார் என்று மனத்துக்குள் சலித்துக்கொண்டேன். பிறகு தோள்வலி என்று தொடங்கி, ஒன்றரை ஆண்டுகள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பிச் சென்ற அன்று அவர் அதே ரேக்கில் 70 கிலோவுடன் நின்றார். பையிலிருந்து இரண்டு 1.25 கிலோ தட்டுகளை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி, கிளிப்பை மாட்டி, ஐந்து முறை நிதானமாக இறங்கி எழுந்தார். நான் 60 கிலோவிலேயே திணறினேன். அவர் என்னைப் பார்த்து, “வந்துவிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

பதிவு 2

மேலே எழுதியவர் அந்தத் தட்டுக்கு இல்லாத மகிமையை ஏற்றுகிறார். அப்படி இரண்டு தட்டுகளாக வாரம் 2.5 கிலோ கூட்டினால் ஆண்டுக்கு 130 கிலோ ஆகும். அப்படி எவருக்கும் ஏறிக்கொண்டே போவதில்லை. தொடக்க வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும், நரம்பு மண்டலம் தசை இழைகளை ஒருங்கே இயக்கப் பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பருப்பது பிறகுதான். எனக்கு மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரங்களுக்குப் பின் மாவுக்கட்டைப் பிரித்தபோது, மெலிந்துபோன முன்கையை இது என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்தேன். ஆனால் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பலம் சில மாதங்களில் திரும்பிவிட்டது. ஒருமுறை வளர்ந்த தசை, புதிதாக வளர்வதைவிட விரைவாகவே மீளும். ஆகவே அந்த ஒன்றரை ஆண்டுக்காக இவ்வளவு வருந்தத் தேவையில்லை.

பதிவு 3

தோள்வலியை இருவருமே கடந்து போய்விட்டீர்கள். தசையைவிட, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் மெதுவாகவே உறுதிப்படுகின்றன. பலம் விரைவில் மீண்டுவிட்டதே என்று பழைய எடைக்குத் தாவுகிறவர்களுக்குத்தான் முழங்கையும் தோளும் முதலில் முரண்டுபிடிக்கின்றன. ஓய்வின்றித் தொடர்ந்து தூக்கும் ஒவ்வொரு செட்டையும், இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்னும் நிலையிலேயே நிறுத்துங்கள். தூக்கிய எடையைக் குறித்து வையுங்கள், உறக்கத்தைக் குறைக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தசை வலுப்பயிற்சிக்கு வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் என்றுதான் சொல்கிறது. நாள்தோறும் உடம்பை வதைக்கச் சொல்லவில்லை. என் அனுபவமா? கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் முதல் புல்-அப்புக்குப் பதினொரு மாதங்கள் பிடித்தன. தாடை கம்பியைத் தாண்டியபோது அங்கே ஒருவரும் இல்லை.

பதிவு 1, மீண்டும்

தோளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லையே. “வந்துவிட்டீர்களா?” என்றாரே, அதில் கேலி இருந்ததா இல்லையா என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.