இசகாயாவில் மாட்டிக்கொண்ட கதை இருந்தால் சொல்லுங்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். அலுவலகத்தில் ஐந்து பேராக ஷிம்பாஷியில் ஒரு இசகாயாவுக்கு, அதாவது மதுவும் கூடவே சிறு உணவுகளும் தரும் ஜப்பானியக் கடைக்கு, கிளம்பினோம். ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் சிவப்புக் காகித விளக்குகள் வரிசையாகத் தொங்கும் இடம். தலைக்கு மேல் ரயில் போகும்போதெல்லாம் மேசையிலிருக்கும் குச்சிகள் லேசாக அதிரும். துணித் திரையை விலக்கி நுழைந்ததும் கடைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தி வரவேற்றார்கள். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு வந்தது. கையைத் துடைத்து முடிப்பதற்குள் எல்லோரும் “இப்போதைக்கு பீர்” என்றார்கள். உணவுப் பட்டியலைப் பிரிப்பதற்கு முன்பே முதல் சுற்றைச் சொல்லிவிடுவது அங்கே வழக்கம். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. “ஊலோங் தேநீர் கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்” என்றார் பக்கத்தில் இருந்தவர். பரிமாற வந்த பெண்ணிடம் ஜப்பானிய உச்சரிப்பில் “ஊரோன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தெரிந்த நான்கைந்து ஜப்பானியச் சொற்களில் ‘ஹாய்’ ஒன்று. ‘ஆமாம்’ என்று பொருள். மரியாதைக்கு அதையும் சேர்த்து “ஊரோன், ஹாய்” என்றேன். அவர் சரிபார்த்துக்கொள்ள “ஊரோன்ஹாய்?” என்றார். நான் இன்னும் பலமாகத் தலையாட்டி “ஹாய்!” என்றேன்.

ஊரோன்ஹாய் என்று தனியாக ஒரு பானமே இருக்கிறது. ஊலோங் தேநீரில் ஷோச்சு என்னும் சாராயத்தைக் கலந்தது. அந்த ஹாய், ‘ஹைபால்’ என்ற சொல்லின் தலை. நிறத்தில் துளி வித்தியாசம் தெரியாது. ஜப்பானியத் தேநீர் இப்படித்தான் கசக்கும்போல என்று பாதிக் கோப்பையை இறக்கிவிட்டேன். காது இரண்டும் சூடான பிறகுதான் சந்தேகம் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தேநீர் மட்டும் வேண்டுமென்றால் ‘ஊரோன்ச்சா’ என்று கேட்க வேண்டுமாம்.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டில் பீரைத் தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதை அங்கே யாரும் செய்யவில்லை. அடுத்தவர் கோப்பை காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் பந்தியில் தன் இலைக்குத் தானே பரிமாறிக்கொள்வதில்லையே, அது போல.

சைவக்காரர்கள் யாராவது போயிருக்கிறீர்களா?

* * *

நான் போனேன், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. கியோத்தோவில். டோஃபுதானே, ஆபத்தில்லை என்று பொரித்த டோஃபு சொன்னேன். சுடச்சுட வந்தது. அதன் மேல் மரச்சீவல் போல இளஞ்சிவப்பில் ஏதோ தூவியிருந்தார்கள். ஆவி பட்டு அது நெளிந்து நெளிந்து ஆடியது. அம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, “இது உயிரோடு இருக்கிறதாடி?” என்று கேட்டார். கட்சுவோபுஷி, காய்ந்த மீனின் சீவல். வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் எடுத்துப் போய், சீவல் இல்லாத வேறு தட்டைக் கொண்டுவந்தார்கள். ஆனால் டோஃபு நின்றுகொண்டிருந்த சாறும் அதே மீனில் இறக்கியதுதான். தாஷி என்கிற அந்தச் சாறு முட்டைச் சுருளிலும் இருக்கும், மிசோ சூப்பிலும் இருக்கும். மேலே இருப்பதை எடுக்கலாம், உள்ளே ஊறியதை என்ன செய்வது?

கடைசியில் கைகொடுத்தது எடமாமே. உப்புப் போட்டு வேகவைத்த பச்சை சோயாக் காய். அம்மா மொச்சை உரிக்கும் வேகத்தில் மூன்று கிண்ணம் காலி செய்தார்.

* * *

அக்கா சொன்ன அந்தச் சீவலுக்காகவே நான் இசகாயாவுக்குப் போகிறேன். யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் அடுப்படியில் மாசி (மாலைதீவுக் கருவாடு) இருந்த டப்பாவைத் திறந்தால் வரும் அதே மணம். முதல் நாள் ஒசாகாவில் அது மூக்கில் ஏறியதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது: இரண்டும் ஒரே சூரை மீன். அவித்து, புகையில் வாட்டிக் காயவைப்பது வரை மாலைதீவிலும் ஜப்பானிலும் கிட்டத்தட்ட ஒரே வழி. நாங்கள் இடித்துச் சீனிச் சம்பலில் போடுகிறோம், அவர்கள் தச்சர் இழைப்புளி போன்ற ஒன்றில் சீவுகிறார்கள்.

* * *

என் கதை வாசலோடு முடிந்தது. கல்லூரியில் படிக்கும் 19 வயது மகனுடன் ஷிஞ்ஜுக்குவில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். எட்டு இருக்கைதான். மகனின் வயதைக் கேட்டார்கள். சொன்னதும் குனிந்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் குடிக்க மாட்டான் என்று வாதாடிப் பார்த்தேன். பிரச்சினை குடியில்லை, புகை. 2020 ஏப்ரலில் சட்டம் கடுமையான பிறகும் சில சிறிய கடைகளில் புகைக்க அனுமதி உண்டு. அங்கே 20 வயது நிரம்பாதவர் கால் வைக்கக் கூடாது. 2022 முதல் 18 வயதிலேயே பெரியவர் என்று ஆக்கிவிட்டார்கள், ஆனால் மதுவுக்கும் புகைக்கும் 20 அப்படியே இருக்கிறது. மகனுக்கு அன்று என் மேல்தான் கோபம்.

* * *

கேட்காமலே வரும் கிண்ணத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! எனக்கு எள் தூவிய தாமரைக்கிழங்கு நான்கு துண்டு வந்தது. இலவசம் என்று நினைத்து ஊழியரைப் பார்த்து இரண்டு முறை கும்பிட்டேன். பில்லில் ஆளுக்கு 400 யென். அதன் பெயர் ஓதோஷி; ஒசாகா பக்கம் ட்சுகிதாஷி என்பார்கள். உண்மையில் அது உட்கார்ந்ததற்கான வாடகை. ஜப்பானின் எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) மதுக்கடையில் வாங்கியதை அங்கேயே இருந்து குடித்தவர்களால்தான் இசகாயா உருவானது. பெயரில் இருக்கும் ‘இ’ எழுத்துக்கே ‘இருத்தல்’ என்று பொருள். (நம் ‘இரு’ நினைவுக்கு வருகிறது, ஆனால் உறவு கொண்டாட வேண்டாம்.) இது தெரிந்த பிறகு அந்த 400 யென் உறுத்தவில்லை. தாமரைக்கிழங்கும் நன்றாகவே இருந்தது.

சைவ அக்காவுக்கு: கடைசியில் ஓச்சாசுகே கேட்டுப் பாருங்கள். சோற்றில் பச்சைத் தேநீரை ஊற்றி, உப்பில் ஊறிய உமேபோஷி என்ற புளிப்புப் பழம் ஒன்றை நடுவில் வைத்துத் தருவார்கள். பழைய சோற்றுக்கு மாவடு கடித்துக்கொள்வது போல இருக்கும். சில கடைகளில் தேநீருக்குப் பதில் தாஷி ஊற்றுகிறார்கள். எது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.