இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தைத் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் பேசி முடித்த கூட்டு ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிய அன்று உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது?

கொந்தரப்பு:
2019 ஜனவரி 28 இல் கையெழுத்தானதைத்தான் சொல்கிறேன். நாளுக்கு 1000 ரூபா கேட்டுப் போய் 750 இல் முடிந்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு.

நான் அப்போது கம்பஸில் இரண்டாம் வருடம். பொங்கலுக்கு வந்தவன் காய்ச்சலில் படுத்து அப்படியே வீட்டில் தங்கிவிட்டேன். சாயங்காலம் கோயிலடியில் கூட்டம். எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் கையில் ஒரு தாள், ஆனால் அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது, "படிச்ச புள்ள நீ சொல்லு தம்பி" என்று என்னிடம் தந்துவிட்டார். தரும்போதே காதோடு, "அடிப்படை 500 இருந்து 700 ஆயிருக்கு, 200 கூடியிருக்குன்னு மட்டும் சொல்லு, மத்தத இழுக்காத" என்றார்.

நான் அதற்குள் மனதில் கணக்குப் போட்டுவிட்டேன். பழையதில் அடிப்படை 500, ஒழுங்காக வேலைக்கு வந்தால் வரவுக்கு 60, சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் 140, தேயிலை விலைப்பங்கு 30, மொத்தம் 730. புதியதில் 700, விலைப்பங்கு 50, அவ்வளவுதான், மற்ற இரண்டும் இல்லை. 20 ரூபா கூடுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈபிஎப்புக்குப் பிடிக்கும் 8 வீதம் அடிப்படையில்தானே, முன்பு 40 பிடித்தார்கள், இனி 56. கைக்கு வருவது 690 போய் 694. நாலு ரூபா!

தெரிந்தும் 200 கூடியிருக்கிறது என்றுதான் வாசித்தேன். கைதட்டினார்கள். முன்னால் குந்தியிருந்த ஒரு பெரியம்மா மட்டும் விரல் கணுவில் பெருவிரலை வைத்து எண்ணிக்கொண்டே இருந்தார், அப்புறம் கேட்டார், "அப்ப அந்த 140 எங்க தம்பி போச்சி?" நான் சொன்னேன், "அது உள்ளுக்கே சேர்ந்திருச்சி பெரியம்மா." அவர் சரி என்று தலையாட்டினார். என்னை நம்பித்தான் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் இன்னும் போகவில்லை.

மழைநாள் பேர்:
தம்பி, நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதற்கு முன் ஒன்று கேளுங்கள். 730 என்பது தாளில் இருந்த சம்பளம். எங்கள் அம்மா கையில் அதை ஒரு மாதம் முழுக்க வாங்கி நான் பார்த்ததில்லை. 60 வேண்டுமென்றால் வேலை கொடுத்த நாளில் முக்கால்வாசிக்கு மேல் போயிருக்க வேண்டும், 140 வேண்டுமென்றால் அன்றைக்குச் சொன்ன கிலோ எடுக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரி பனியில் மலை கருகிக் கிடக்கும்போது எங்கே எடுப்பது?

நான் பாடசாலை விட்டு வரும் வழியில்தான் அந்தி நிறுவை நடக்கும். ஒரு நாள் அம்மாவின் கொழுந்து தராசில் 18 க்குச் சரியாக நின்றது. கணக்கப்பிள்ளை சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கழித்து 16 என்று எழுதினார். அம்மா ஒன்றும் பேசவில்லை, கூடையைக் கவிழ்த்து உள்ளே ஒட்டியிருந்த நாலைந்து இலையைப் பொறுக்கித் தராசில் போட்டார். கங்காணி சிரித்தார். அந்த இரண்டு கிலோவுக்காக 140 போனது. அம்மாவுக்கு அன்று 500 உம் 30 உம்தான். அப்படிப்பட்டவர்களுக்கு 750 என்பது உண்மையிலேயே 200 க்கு மேல் கூடியதுதான். உங்கள் தலைவர் முழுப்பொய் சொல்லவில்லை. நான் அந்தச் சங்கத்துக்காரனும் இல்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

கருப்புச்சட்டை:
எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பிறகுதான் புரிந்தது. 2018 ஒக்டோபர் 24, கொழும்பு காலிமுகத்திடலில் மலையகப் பிள்ளைகள் அந்த ஆயிரம் ரூபாவைக் கேட்டுக் கறுப்பு உடுப்போடு கூடிய நாள். நான் கொழும்பில் புடவைக்கடையில் வேலை. தலைவலி என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். மேடை போட்டுப் பேசிய ஆள் யாரும் நினைவில் இல்லை, வெயில்தான் நினைவிருக்கிறது. என்னைப் போல் கடையில், வீட்டுவேலையில், ஹோட்டலில் நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் ஒரே இடத்தில் பார்த்தேன்.

இரவு அம்மா அழைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "கருப்புச் சட்டையோட நின்னியாமே, தலைவரு வந்து கேட்டுட்டுப் போறாரு, நம்ம கூரைத் தகரத்துக்கு பேர் எழுதி இருக்கு, தெரியும்ல?" நான் அம்மாவுக்காகத்தான் போனேன், அம்மா தகரத்துக்காகப் பயந்தார். யாரைக் கோபிப்பது? தகரம் கடைசிவரை வரவில்லை, அது வேறு கதை.

செக்ரோல் மாமா:
எல்லாரும் நாட்சம்பளத்தையே பேசுகிறீர்கள். நான் தோட்டத்து ஆபீசில் 22 வருடம் இருந்தவன். ஓய்வு வாங்கிய ஒரு அம்மா ஈபிஎப் காசுக்காக எட்டு மாதம் அலைந்தார், ஆபீஸ் படியில் உட்கார்ந்து அவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது கண்ணில் நிற்கிறது. தோட்டத்து வரவு-சம்பளப் பதிவேடான செக்ரோலில் "ராமாயி", அட்டையில் "இராமாய்". அவ்வளவுதான் பிரச்சினை.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் அம்மா அப்பா பேரை இப்போதே சரிபாருங்கள், வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம், பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் காசு எடுக்கப் போகும்போது நொந்துகொண்டு பயனில்லை. அப்புறம் அடிப்படையின் அருமை தெரியாமல் கொந்தரப்புத் தம்பி நாலு ரூபா என்கிறார். கம்பனி ஈபிஎப்புக்குப் போடும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎப்புக்குப் போடும் 3 வீதமும் அடிப்படையில்தான், 500 க்கு 75 ரூபா போட்டவன் 700 க்கு 105 போட வேண்டும். உங்கள் கையில் கூடுதலாகப் பிடித்த 16 உம் எங்கும் ஓடிவிடாது, உங்கள் கணக்கில்தான் கிடக்கும். அதைவிடப் பெரியது சேவைக்காலப் பணம். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில். 30 வருடம் வேலை செய்தவருக்கு 500 இல் 2,10,000 ரூபா, 700 இல் 2,94,000. எண்பத்து நாலாயிரம் வித்தியாசம்! வரவுக்காசும் கிலோக்காசும் இந்தக் கணக்கில் ஏறாது. சம்பளச் சீட்டை யாரும் கிழித்துப் போடாதீர்கள், பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். வேலையைவிட்டு இடையில் நிற்பவர்களும் ஐந்து வருடம் முடித்திருந்தால் கேட்கலாம், கேட்காமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

நடுலயம்:
மாமா, 30 வருடம் கழித்து வரும் 84,000 க்கு இன்றைக்குக் கடையில் மா தருவார்களா? கணக்கு சரிதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை அன்று கோயிலடியில் வைத்துச் சொல்லியிருக்கலாமே. கூடினது இது, குறைந்தது இது, பிறகு வருவது இது என்று. சனம் விளங்காமலா இருக்கும்? கையெழுத்தான பிறகு வாசித்துக் காட்டுவதுதான் அப்போது வழக்கம், முன்பு ஒருதரம்கூட எங்களிடம் கேட்டதில்லை. 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில்தான் தொழிலாளி கோவிந்தனைச் சுட்டார்கள். என்ன கேட்கிறோம் என்று அன்றைக்கு நின்றவர்களுக்காவது தெரிந்திருந்தது.

எனக்கென்று சொல்ல அனுபவம் பெரிதாக இல்லை. அப்பா சந்தாவை வேறு சங்கத்துக்கு மாற்றினார், அடுத்த வாரம் கவ்வாத்து மலைக்கு, தேயிலைச் செடி வெட்டும் கஷ்டமான வேலைக்குப் போட்டார்கள். தற்செயலாம்.

பழைய கணக்கப்பிள்ளை:
மேலே மழைநாள் பேர் எழுதியது என்னைப் பற்றி இல்லை என்றாலும் நானும் தண்ணீருக்குக் கழித்தவன்தான். மேலிருந்து சொல்வார்கள், நாங்கள் எழுதுவோம். அதற்கு மேல் இங்கே நியாயம் சொல்லவில்லை.

எனக்கு மறக்காதது 2021. சம்பள நிர்ணய சபை மூலம் அடிப்படை 900 உம் நிவாரணப்படி 100 உம் சேர்த்து 1000 என்று மார்ச்சில் வர்த்தமானி வந்தது. அத்தனை வருடம் கேட்ட ஆயிரம் என்று லயத்தில் வெடி போட்டார்கள். கம்பனிகள் இனிக் கூட்டு ஒப்பந்தம் இல்லை என்று விலகிக்கொண்டன. கொஞ்ச நாளில் ஒரு காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும் இடத்தில், நான்தான் சொன்னேன், இன்றிலிருந்து 18 இல்லை, 20 கிலோ, எடுக்காவிட்டால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். ஒருவரும் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லாரும் திரும்பித் தலைவரைப் பார்த்தார்கள். முன்பென்றால் நோர்ம் விஷயத்தில், அதாவது நாளுக்கு எடுக்க வேண்டிய அளவில், ஒரு கிலோ கூட்டினாலும் அவர் நேரே ஆபீசுக்குள் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார், தோட்டத்து மனேஜர் துரையும் பேசித்தான் ஆக வேண்டும். அன்று போனார், ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். செக்ரோலில் சங்கச் சந்தா பிடிப்பதையும் அதோடு நிறுத்தினோம். அந்த மனுஷன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது பார்க்கச் சங்கடமாக இருந்தது, அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் இல்லாதபோதும்.

சம்பளம் சட்டத்தில் ஏறியது, 2024 இல் 1350 உம் ஆனது. கிலோவை யார் தீர்மானிப்பது என்பது மட்டும் காற்றில் போய்விட்டது. மோசமான ஒப்பந்தம், ஒப்பந்தமே இல்லாதது, இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கொந்தரப்பு:
எல்லாரும் எழுதியதை வாசித்தேன். மழைநாள் பேர், உங்கள் அம்மா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் என்னிடம் கேட்ட பெரியம்மா எங்கள் மலையில் முதல் நிரைக்காரி, கிலோ குறைத்து நிறுத்ததே இல்லை, காய்ச்சலிலும் மலைக்குப் போகிறவர். 60 உம் 140 உம் மாதம் தவறாமல் வாங்கியவர். அவருக்குச் சரியாக அந்த நாலு ரூபாதான். அது தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். பெரியம்மா வேலையில் நின்றுவிட்டார், வாசலில் பேரனுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வங்கியில் வேலை கிடைத்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்னா தம்பி, பேங்குலயாமே," என்றார். "அந்த 140 அங்க வந்திருச்சான்னு ஒருக்கா பாரேன்."