போலீஸ் ஸ்டேஷன் கேமரா: 18 மாசப் பதிவை எங்கே வைக்கிறது?

டிஸ்க்_கணக்கு:
2020 டிசம்பர் 2 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு (பரம்வீர் சிங் சைனி வழக்கு) 18 மாசப் பதிவு கேட்குது. முடியாத பட்சத்திலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. நகரத்துப் பெரிய ஸ்டேஷனுக்கு 16 கேமரான்னு வைங்க. 1080பி தெளிவு, எச்.265 சுருக்க முறை, தலைக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்). ஒரு கேமரா நாளைக்கு 21.6 ஜிபி தின்னும். பதினாறும் சேர்ந்து 346 ஜிபி, 548 நாளைக்கு 189 டிபி. ரெண்டு 8 டிபி டிஸ்க் போட்ட என்விஆர் (கேமரா பதிவைச் சேமிக்கிற பெட்டி) 47-ஆம் நாளே பழசு மேல எழுத ஆரம்பிச்சிடும். அசைவு இருந்தா மட்டும் பதிவாகுற முறைக்கு மாறுறதுதான் வழி.

கம்பிக்கதவு:
வாசல் கேட்டுக்கு அது போதும், லாக்கப்புக்கு ஆகவே ஆகாது. மூலையில சுருண்டு கிடக்கிறவர் அசையலைன்னா பதிவே இருக்காது. எத்தனை மணிக்கு அசைவு நின்னதுங்கறதுதானே பின்னாடி கேள்வியா வரும்? தீர்ப்பு ஒலிப்பதிவும் கேட்குது. அசைவை மட்டும் பார்க்கிற செட்டிங் அலறல் சத்தத்துக்கு முழிச்சுக்காது. லாக்கப், அதுக்கு வெளியே உள்ள இடம், எஸ்.ஐ. அறை எல்லாம் 24 மணி நேரமும் ஓடணும். மிச்சத்தை 25 ஃபிரேம்லேர்ந்து 10-க்கு இறக்குங்க.

டிஸ்க்_கணக்கு:
இறக்கினாலும் நூறு டிபிக்கு மேல நிக்கும் சார். முழுசா வேணும்னா 16 டிபி டிஸ்க் 12, ரெண்டு டிஸ்க் போனாலும் பதிவு தப்பிக்கிற ரெய்டு 6 முறைக்கு இன்னும் 2, உதிரி 1. ஒண்ணு போனா அதுல இருந்ததைப் புது டிஸ்க்ல மறுபடி கட்டவே ஒரு நாள் ஆகும். அதை ஏசி இல்லாத ரைட்டர் ரூம்ல எவன் பார்த்துக்குவான்?

வடக்குவாசல்:
அதனாலதான் கமிஷனர் ஆபீஸ்ல மொத்தமா வைக்கச் சொல்றோம். இடம் பத்தாததை மட்டுமே பேசுறீங்க. 2020-ல சாத்தான்குளத்துல 1 டிபி டிஸ்க்ல இடம் இருந்தும், பதிவு தினமும் தானா அழியுற மாதிரி செட்டிங் இருந்ததுன்னு நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். அட்மின் பாஸ்வேர்டு ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற வரைக்கும் 189 டிபி வாங்கியும் பிரயோஜனம் இல்ல.

டிஸ்க்_கணக்கு:
ஒரு ஸ்டேஷனுக்கு 32 எம்பிபிஎஸ் அப்லோடு, ராப்பகலா. ரோட்டைத் தோண்டி ஃபைபர் அறுந்தா?

வடக்குவாசல்:
கேமராவுக்குள்ளேயே 128 ஜிபி மெமரி கார்டு போடுங்க, அஞ்சு நாள் தாங்கும். லைன் வந்ததும் விட்டுப்போனதைத் தானே அனுப்புற வசதி இருக்கிற மாடலா பார்த்து வாங்கணும். இதை டெண்டர்ல எழுதாம விட்டா கார்டு சும்மா கிடக்கும்.

கம்பிக்கதவு:
சரி, பாஸ்வேர்டு விஷயத்துல வடக்குவாசல் பக்கம் வந்துட்டேன். கடிகாரத்தையும் அங்கேயிருந்தே ஓட்டுங்க. என்விஆர் நேரம் பத்து நிமிஷம் தள்ளி ஓடினா ஸ்டேஷன்ல நடக்கிறதை நேரத்தோட எழுதுற பொது நாட்குறிப்போட ஒத்துப்போகாது. குறுக்கு விசாரணையில வக்கீல் முதல்ல பிடிக்கிறதே அதைத்தான். அப்புறம் மைக்கை சீலிங் ஃபேனுக்குப் பக்கத்துல மாட்டாதீங்கப்பா. 18 மாசமும் ஃபேன் சத்தம்தான் பதிவாகியிருக்கும்.